துளை எண் பதினேழு

மிர்ஃபா தாண்டி நாற்பது கிலோமீட்டர்.
கடல் கண்ணில் படாத தூரத்தில்
கடலைவிட உப்பான நிலம்.
எண்ணெய்த் தொட்டியைத் தாங்குவாயா என்று
தரையைக் கேட்கப் போயிருந்தோம்.
குல்ஸமான் துளைத்தான்.
நான் பையும் மார்க்கரும் பிடித்து நின்றேன்.

பதினாறு துளைகளில் வந்ததெல்லாம் வழக்கம்தான்.
மேலே உப்புப் பொருக்கு,
பாசி செத்துக் கறுத்த பாய்,
நொய்யரிசி போல ஜிப்சம்,
சாம்பல் மணல், பிறகு தண்ணீர்.
பதினேழாவதில்
தொண்ணூறு சென்டிமீட்டரில்
குழாயோடு ஏறி வந்தது ஒரு வெள்ளை.

"லப்னா" என்றான் குல்ஸமான்,
காலையில் தின்ற ரொட்டி இன்னும் நினைவில்.

விரலுக்கிடையில் தேய்த்தேன்.
நறநறப்பே இல்லை.
நகம் பட்ட இடமெல்லாம் நகத்தின் தடம்.
ஒரு சொட்டு அமிலம் விட்டதும்
கொஞ்சம் யோசித்துவிட்டு
நுரைத்தது.

முஸஃபா லேபில்
நுண்ணோக்கி கைவிரித்துவிட்டது.
படிகம் இருக்கிறது,
ஒளிக்கு அகப்படும் அளவில் இல்லை.
ராத்திரி முழுக்க எக்ஸ்ரே இயந்திரத்தில் சுற்றவிட்டோம்.
விடியும்போது கோடுகள் வந்தன:
ஹண்டைட்.
ஒரு கால்சியம், மூன்று மக்னீசியம், நான்கு கார்பனேட்.
மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்,
சம்பளச் சீட்டைப் பார்ப்பதுபோல.

தூத்துக்குடியில் உப்பு வாரிய பிறகு
பாத்தியில் நிற்கும் கசப்புக்கு நஞ்சோடை என்று பெயர்.
வாய்க்கால் வெட்டி வெளியே விட்டுவிடுவோம்.
இங்கே யார் வெட்டுவது?
வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு
மீதியைப் போட்டுவிட்டுப் போகிறது.
முதலில் சுண்ணாம்பு இறங்கிவிட்டது.
அடுத்து வந்த ஜிப்சம்
இருந்த கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று.
எஞ்சிய நஞ்சோடை
போக்கிடம் இல்லாமல் நின்று, நின்று,
ஏதோ ஒரு கோடையில்
இப்படி வெளுத்துவிட்டது.
அபூர்வம் என்கிறார்கள்.
வெளியேற முடியாததற்கு
அது இன்னொரு பெயர் என்று எனக்குப் பட்டது.

ஹெஷாம் சாருக்குக் கண் மின்னியது.
"எங்கள் ஊரில் பழைய கல்லறைச் சுவரில்
செத்தவர்களின் உடையை
இதைக் குழைத்துத்தான் வெள்ளையடித்தார்கள்."
அதே மூச்சில் அந்த வரியை அழித்தார்.
பெயர் போட்டால் கம்பெனிக்காரன் கேள்வி கேட்பான்,
கேள்விக்கு மூன்று வாரம் ஆகும்.
எழுதிக்கொள், கிரகோரி:
வெள்ளை நிற மென் வண்டல். பலம் குறைவு.
தோண்டி நீக்கி, நல்ல மண் நிரப்பவும்.

அதுவும் சரிதான்.
தொட்டி சரியக் கூடாது.
நானே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை இரவு
கேம்ப் அறையில் ஆறு பேரின் சார்ஜரும்
ஒரு ரைஸ் குக்கரும் தொங்கிய வயர்
புகைந்தது.
புகைந்ததே தவிர எரியவில்லை.
தீப்பிடிக்கும் முன் தானே அடங்கி
உறையெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

சூடேற்றினால் ஹண்டைட் கரியமில வாயுவை விடும்,
அது தீயின் வாயைப் பொத்தும்,
கேபிள் உறையில் கலக்கிறார்கள் என்று
எங்கோ படித்திருந்தேன்.
எல்லாக் கேபிளிலும் இல்லை.
இந்த ஐந்து திர்ஹம் வயரில் இருந்திருக்கவே முடியாது.
இருந்திருந்தாலும்
எரிந்த பிறகு ஹண்டைட் ஹண்டைட்டாக இருக்காது;
எந்த இயந்திரத்தில் சுற்றினாலும்
கோடு வராது.

ஆனாலும் மற்றவர்கள் தூங்கியதும்
அந்தச் சாம்பலைச் சுரண்டி
மாதிரிப் பையில் போட்டேன்.
இடம்: அறை இருநூற்றுப் பதினான்கு.
நிறம்: வெள்ளை.
எடுத்தவர்: நான்.
ஆழம் என்ற கட்டத்தில்
மார்க்கர் இன்னும் நிற்கிறது.